பதினான்காம் மாதத்துக் கீற்று

டர்பனில் எனக்கு வேலை மெழுகு சீவுவது.
மூன்று மைக்ரான்.
வெங்காயத்தின் உள்தோல் இதைவிடப் பருமன்.
வெந்நீர்த் தொட்டியில் மிதக்கும் கீற்றைக்
கண்ணாடிச் சில்லில் ஏந்தும்போது
மூச்சை அடக்கிக்கொள்வேன்.
சுருங்கினால் போச்சு,
ஒருவருடைய சிறுநீர்ப்பை அது.

மொத்தம் அறுபத்தொரு கட்டிகள்.
புற்றும் கட்டி, அதைப் பொதிந்த மெழுகும் கட்டி;
தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்திதான் அந்த அறையில்,
தனியாகச் சிரித்துக்கொண்டேன்.
பெயர் கிடையாது, எண் மட்டும்.
நாற்பத்தேழு:
ஆண், வயது ஐம்பத்திரண்டு,
மோபேனி சாயத் தொழிற்சாலையில் இருபத்தாறு வருஷம்,
வலியே இல்லாமல் சிவந்த மூத்திரம்.

பி ஐம்பத்துமூன்று என்றொரு புரதம்.
ஒழுங்காக இருந்தால் கண்ணில் படாது,
வேலையை முடித்துக் கரைந்துபோகும்.
கெட்டுவிட்டால் உட்கருவிலேயே தங்கிக் குவியும்,
என் சாயத்தில் பழுப்பாகத் தெரியும்.
நாற்பத்தேழில் நூற்றுக்கு எண்பது பழுப்பு.
பாதி ஆயுளைச் சாயத்தில் நின்று கழித்தவரை
நானும் சாயம் ஏற்றித்தான் வாசித்தேன்.

முடிவு ஒரு படிக்கட்டு.
ஒருவர் இறந்தால் கோடு ஒரு படி இறங்கும்.
வராமல் போனவருக்கு இறக்கம் இல்லை,
கோட்டின்மேல் ஒரு சின்னக் கீற்று:
இதுவரை இருந்தார், அப்புறம் தெரியாது.
நாற்பத்தேழின் கீற்று பதினான்காம் மாதத்தில்.
பழுப்பு மிகுந்தவர்கள் கிடுகிடுவென்று இறங்க
மற்றவர்கள் அவசரமில்லாமல் சரிந்தார்கள்.
பூஜ்யம் புள்ளி பூஜ்யம் நான்கு என்றது கணினி.
டாக்டர் ஷெசி அன்று கேக் வாங்கி வந்தார்.

மதிப்பாய்வாளர் ஒருவர் மட்டும் எழுதியிருந்தார்:
விடுபட்டவர்களைத் தேடினீர்களா?

அனுமதி கிடைக்க ஏழு வாரம்.
சீல் உடைத்த பட்டியலில் நாற்பத்தேழு
ஞானமுத்து ராயப்பன் ஆனது.
மெயர்பாங்க். சுத்திகரிப்பு ஆலைக்குப் பின்தெரு.
மூன்று தொலைபேசி எண்களில் இரண்டு செத்திருந்தன.
மூன்றாவதில் ஒரு பெண், பின்னால் குக்கர் விசில்.
குழு ஒப்பிய வாக்கியத்தை அப்படியே வாசித்தேன்,
திரு. ராயப்பன் அவர்களின் தற்போதைய நிலை...
"நிலையா? கூரைமேல் நிற்கிறார்.
சோலார் கெய்சர் ஒழுகுது."
முழுக்க ஆங்கிலம்,
கடைசியில் வந்த ஐயோ மட்டும்
எங்கள் தூத்துக்குடி ஐயோ.

இறங்கி வந்தார், இரைத்துக்கொண்டே.
ஏன் வருவதை நிறுத்தினீர்கள்?
"அந்தக் குழாயை ஒருதரம் நீங்கள் விட்டுக்கொண்டு
அப்புறம் கேளுங்கள்.
இரண்டு டாக்ஸி மாறணும், ஒருநாள் சம்பளம் போகும்,
மூன்று மாதத்துக்கு ஒருமுறை."
ரத்தம்?
"இல்லை."
வேறு சிகிச்சை?
"சபைக்குப் போகிறேன். நடக்கிறேன்."
பிறகு அவர் கேட்டார்,
"உங்கள் கண்ணாடியில் நான் எப்படி இருக்கிறேன்?"
குழு தந்த ஐந்து கேள்விகளில்
இதற்குப் பதில் இல்லை.
தெளிவாக இருக்கிறீர்கள் என்றேன்.
நிறத்தைச் சொல்லவில்லை.

கீற்றைப் பெயர்த்தேன்.
பதினான்கிலிருந்து நூற்று முப்பத்தொன்பதுக்கு.
கணினி யோசித்துச் சொன்னது:
பூஜ்யம் புள்ளி பூஜ்யம் ஒன்பது.
டாக்டர் ஷெசி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"ஒரு மனுஷன் உயிரோடு இருந்து
நம் கட்டுரையைக் கொன்றுவிட்டான்"
என்றவர், சற்றுப் பொறுத்துக் கேட்டார்,
"கெய்சரைச் சரிசெய்தாரா?"

இறந்தவர்களின் படிகள் எல்லாம் முடிந்த பிறகும்
வலப்பக்கம் நீள்கிறது மட்டமான ஒரு கோடு.
அதன் முனையில் நிமிர்ந்த கீற்று,
ஸ்பானருடன் கூரையில் ஏறிய ஆளைப் போல.

வியாழக்கிழமை ஒன்பதரைக்கு நேரம் குறித்துக் கொடுத்தேன்.
டாக்ஸிக்குப் பணம் தரப்படும் என்றேன்.
பார்க்கலாம் என்றார்.