கை மட்டும்

இரவு பத்தேகால்.
கடைசிப் பிள்ளையும் உறங்கியாச்சு.
இரையும் என்று ஃபேனை நிப்பாட்டினேன்.
பால்மா டின்னில் சாய்த்த போன்,
வட்ட விளக்கு,
மெத்தைமேல் இழுத்து விரித்த வெள்ளைச் சீலை.
சாய்ந்தமருதில் என் கடை இவ்வளவுதான்.

முகம் காட்டுவதில்லை.
அது வீட்டில் பேசி முடிவெடுத்தது;
பேசியது அவர்,
முடிவெடுத்தது நான்.
கை மட்டும் வரும்.
துணியைத் தூக்கும், உதறும்,
சாயம் போகாது என்று
ஈர விரலால் தேய்த்துக் காட்டும்.
மணிக்கட்டில் ஒரு தழும்பு,
வட்டிலப்பம் அவித்த பெருநாளில் ஆவி பட்டது.
அதையும் சேர்த்துத்தான் பார்க்கிறார்கள்
முப்பத்தேழு பேர்.

"விலை?"
"விலை என்னகா?"
"பிரைஸ் பிளீஸ்"
இப்பதானே சொன்னேன்,
மூவாயிரத்து நானூற்றைம்பது என்று.
காதில்லாத சந்தை இது.
வவுனியாவிலிருந்து ஒருத்தி மட்டும்
வேறொன்று கேட்கிறாள்:
"அங்க மழையா?"
இல்லை மகள், கடல்.
ஃபேனை நிப்பாட்டலாம்,
அதை என்ன செய்ய.

ஓடர்க் கொப்பியில்
சிவப்பு மையால் சுழித்த பெயர் ஒன்று:
குணமதி, செட்டிபாளையம்.
நீலச் சல்வார் பீஸ்.
இரண்டு தரம் போனது, இரண்டு தரம் வந்தது.
"கேற்றடியில நின்டு கூப்பிட்டன்,
உள்ள ஆள் இரிக்கி, நாய்தான் வந்திச்சு"
என்றான் கூரியர்ப் பொடியன்.
போகக் கூலி நானூறு.
திரும்பி வந்த கூலியும் என் தலையில்.
உலை கொதிக்கும்போது, உடுப்புக் காயப்போடும்போது
அந்தப் பெயரை ஏசியிருக்கிறேன்,
முகம் தெரியாமலே.
அவளுக்கும் என் முகம் தெரியாது.
அந்த ஒன்றில் கணக்குச் சரி.

சனிக்கிழமை, கல்முனைச் சந்தை.
கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.
பக்கத்தில் பூசணிக்கீற்றை அமத்திப் பார்த்த கை
அப்படியே நின்றது.
"ராத்தா, லைவில வாற கைதானே நீங்க?"
என் முகம் அங்கே இருந்தது,
முழுசாக, வெயிலில்.
அவள் அதைப் பார்க்கவில்லை,
தழும்போடு பேசினாள்.
ஒருநாளும் விடாமல் பார்ப்பாளாம்.
"நான் செட்டிபாளையம், குணம..."
பாதியில் அவளுக்கே ஞாபகம் வந்திருக்க வேணும்.
தராசைப் பிடித்தபடி கத்தரிக்காய்க்காரன்
எங்கள் இருவரையும் பார்த்தான்.

ஏச வைத்திருந்த சொல்லெல்லாம்
வீட்டில் கொப்பிக்குள் கிடந்தன.

"முதல்தரம் காசி இருந்த.
கூரியர் வாறத்துக்குள்ள மகனுக்குக் காய்ச்சல்.
ரெண்டாம் தரம்..."
ரெண்டாம் தரத்தை அவள் சொல்லவில்லை.
கீற்றை வைத்துவிட்டு
அதைவிடச் சின்னதாய் ஒன்றை எடுத்தாள்.
"அந்த நீலம் இன்னும் இரிக்கா?"

இருக்கிறது.
அலுமாரியின் மேல்தட்டில்,
முகவரி ஒட்டி ஒட்டி உரித்த பையில்.
"வித்துப் போச்சு" என்றேன்.
விற்பதற்குப் பொய் சொல்லியிருக்கிறேன்,
ஒன்றிரண்டு, அல்லாஹ் மன்னிக்கட்டும்.
விற்காமலிருக்கச் சொன்னது
அன்றைக்குத்தான்.
கோபமா? அவள் பணப்பையைத் திறக்கும் விதத்தை
பார்க்கப் பயமா?
"நல்ல நிறம்" என்றாள்.
கீற்றுக்கு அறுபது ரூபா எண்ணிக் கொடுத்து
பஸ்ஸுக்குப் போனாள்.

இன்றும் பத்தேகால்.
சட்டைக் கையை இழுத்துத் தழும்பை மூடினேன்.
துணியைத் தூக்கும்போது அது தானாய் ஏறிற்று.
விட்டுவிட்டேன்.
கடைசியாக நீலத்தை எடுத்து
விளக்குக்கு நேரே பிடித்தேன்,
ஒன்றும் பேசாமல்,
கை கடுக்கும் மட்டும்.

சொன்ன விலையையே திருப்பித் திருப்பிக் கேட்கிற சனம்
சொல்லாத விலையை
ஒருவரும் கேட்கவில்லை.
நாற்பத்தொரு பேர்,
இரண்டு இதயம்,
பிறகு, படமில்லாத கணக்கிலிருந்து
ஒரு வரி ஏறி வந்தது:

"கடல் இண்டைக்குக் கூட இரையுது, ராத்தா.
இஞ்சயும் அப்படித்தான்."