இடது இறக்கை

வேலூரில் மே மாதம் ரெசினுக்கு ஆயுசு பதினோரு நிமிஷம்.
டப்பாவில் நாற்பது என்று அச்சிட்டிருக்கிறது.
அச்சிட்டவன் ஏதோ குளிர் ஊர்க்காரன்.
அதனால் நாங்கள் இரவு இரண்டரைக்கு எழுந்தோம்.

அப்துல்லாபுரத்தில், ஓடுதளத்துச் சுவருக்கு இந்தப் பக்கம்,
கஃபார் பாயின் பழைய தோல் கொட்டகை.
உப்பிட்டு அடுக்கிய ஆட்டுத்தோல்கள் போய் ஆறு வருஷம்,
மழைக்கு முந்தின நாள் தரை இன்னும் வியர்க்கும்.
"என்ன செய்யப் போறீங்க?"
"இறக்கை" என்றான் நெகேமியா.
"கோழிப் பண்ணைன்னா வாடகை கூட ஆகும்" என்றார்.

நான் பல்செட் செய்கிறவள்.
பொடியும் திரவமும் கலந்து
தெருத்தெருவாய் ஈறு வார்த்தவள்.
குமிழி எங்கே ஒளியும் என்று என் விரலுக்குத் தெரியும்.
அவன் காட்பாடியில் சிக்னல் பார்க்கிறவன்,
பச்சை விழாமல் வீட்டில் நாற்காலியைக்கூட நகர்த்த மாட்டான்.

நீல நுரைப்பலகையைச் சூட்டுக் கம்பியால் அறுத்தோம்.
ஆளுக்கொரு முனை.
அச்சுப்பலகையில் எழுதிய எண்களை உரக்கச் சொல்லியபடி:
பத்து, பதினொன்று, நில், பன்னிரண்டு.
கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில்
இவ்வளவு நேரம் ஒரே வேகத்தில் நாங்கள் போனதில்லை.

கண்ணாடித் துணி ரெசினைக் குடித்ததும்
இருக்கும் இடம் தெரியாமல் போகும்.
வெள்ளையாய் நின்றால் அங்கே காற்று.
நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளு, தள்ளு, டப்பா சுடுகிறது,
வேறு டப்பா எடு.

இறுகிய பிறகு இரண்டு ரூபாய்க் காசால்
தட்டிக்கொண்டே போனேன்.
டிக். டிக். டிக். டிக்.
வேரிலிருந்து நாலரை அடியில்
டொப்.

குறிப்பேட்டைப் புரட்டினோம்.
மே பத்தொன்பது, மூன்று ஐம்பது, வெப்பம் முப்பத்து நாலு.
'கரண்ட் போச்சு' — என் கையெழுத்து.
அன்றைக்கு இருட்டில் என்ன பேசிக்கொண்டோம் என்று
இரண்டு பேருக்கும் ஞாபகமிருந்தது.
குறிப்பேட்டில் அதற்குக் கட்டம் கிடையாது.

"உள்ளங்கை அளவுதானே" என்றேன்.
"மேலே புட்டி வரப்போகுது, யாருக்குத் தெரியும்?"
அவன் காசை வாங்கி அதே இடத்தில் இன்னொரு தரம் தட்டினான்.
"ஒரு பல்செட்ல விட்டிருப்பியா?"

வெட்டித் திறந்தால் துணி அங்கே நனையவே இல்லை.
கடையில் விரித்துக் காட்டிய அன்றைக்கு இருந்த வெள்ளை.
அடுக்கடுக்காய், ஒன்றுக்கொன்று ஓர் அங்குலம் தள்ளிப்
படியாய்ச் சீவி,
திரும்பவும் துணி, திரும்பவும் ரெசின்.
அதற்கு இரண்டு ராத்திரி. அதிகம் பேசவில்லை.

பாரம் ஏற்றிப் பார்க்க பாலாற்று மணலுக்கு எங்கே போவது?
எம்-சாண்ட் மூட்டை அறுபத்திரண்டு.
கவிழ்த்துப் போட்ட இறக்கை
ஐம்பதாவது மூட்டைக்கு ஒரு முனகல் முனகியது.
நெகேமியா வெளியே போய்விட்டான்.
மிச்சம் பன்னிரண்டையும் நானே வைத்தேன்.
இறக்கியதும் நுனி ஏறி
சுவரில் போட்ட பென்சில் கோட்டிலேயே வந்து நின்றது.

பிறகு புட்டி, தேய்ப்பு, புட்டி, தேய்ப்பு.
பூசியதில் பாதிக்கு மேல் தரையில்.
முழங்கையெல்லாம் கண்ணாடித் தூள்.
ஞாயிறு ஆராதனையில் சமாதானம் சொல்லிக் கைகுலுக்கியவர்கள்
தங்கள் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார்கள்.

எனக்கு மஞ்சள் ஆசை.
ஆனால் இந்த வெயிலில் வெள்ளை தவிர எதைப் பூசினாலும்
உள்ளே ரெசின் இளகிவிடும்.
மதியம் கோட்டைக் கல்லில் கை வைத்துப் பார்த்தவர்கள்
வாதாட மாட்டார்கள்.
நுனியில் மட்டும், ஒரு சாண், மஞ்சள்.
அதற்கும் கணக்குப் போட்டுவிட்டுத்தான் சரி என்றான்.

நேற்று விடியலில் வெளியே தூக்கி வந்தோம்.
அவன் நுனி, நான் வேர்.
மலைப் பக்கமிருந்து சொல்லாமல் ஒரு காற்று.
முப்பது கிலோ
ஒரு நொடி எங்கள் கையில் இல்லை.
"பிடி, பிடி!" என்று கத்தினான்,
கத்தும்போது சிரித்தான்.

பால் வாங்கப் போன கஃபார் பாய் வண்டியை நிறுத்தி
இந்த முனையிலிருந்து அந்த முனை வரை பார்த்தார்.
"ஒண்ணுதானா?"

உள்ளே, சுவரோரம்,
அறுக்காத நீலப் பலகைகள் பதினாலு.