செனோக்கோவில் முன்பனி

முதலில் அக்டோபர் என்றார்கள்.
இலை பழுக்கும் மாதமாம். நிரோஜன் படம் அனுப்பினான்:
துரோம்சோ மலைச்சரிவு முழுக்க மஞ்சள், கீழே கடல்.
அதற்கு அரக்கு எடுப்பாய் இருக்குமென்று
சிராங்கூன் சாலையில், ஏறிய எட்டாவது கடையில்
கூறை எடுத்தேன்.
எடை எழுநூற்றைம்பது கிராம்.

பிறகு மண்டபம் கிடைக்கவில்லை, ஜனவரி என்றார்கள்.
அவன் அக்கா துளசிகா தொலைபேசியில்,
"அரக்கு வேண்டாம் தங்கச்சி, அந்த நேரம்
வெளிச்சமே இராது, படத்தில கறுப்பாத்தான் விழும்."
வெள்ளையும் ஆகாதாம்,
பனியில் நான் நிற்கிற இடமே தெரியாதாம்.
மாம்பழ மஞ்சளுக்கு மாற்றினேன்.
கடைக்காரர் ரசீதை நெடுநேரம் பார்த்துவிட்டு
முப்பது வெள்ளி கூட வாங்கினார்.

நடுவில் இரண்டு வாரம் மார்ச் என்றார்கள்.
மார்ச்சில் பனி உருகிச் சேறாகும்,
கொசுவத்தை நாலு விரல் தூக்கிக் கட்ட வேண்டும்.
தூக்கிக் கட்டிப் பழகினேன்.
மறுபடி ஜனவரி.

இத்தனை பருவமும் மாறிக்கொண்டிருந்தபோது
யீஷூனில் எங்கள் புளோக்கில்
நாலு மணிக்கு அதே மழை,
துணிக்கம்பை உள்ளே இழுக்கும் அதே சத்தம்.
உயர்நிலை மூன்றில் ஆறு பெரும்பொழுதையும்
ஒப்பித்துப் பத்துக்குப் பத்து வாங்கியவள் நான்.
கூதிர், முன்பனி, பின்பனி...
பேருந்து எண்களைப் போல் வரிசை தெரியும்,
ஏறியதில்லை.

தேக்கா மாடியில் ரஹ்மத்துன்னிசா
அளவு நாடாவை என் முழங்கையில் நிறுத்திவிட்டு,
"முழுக்கை. மூடின கழுத்து. உள்ளே கம்பளி.
நிஜமாத்தான் சொல்றியா?" என்றாள்.
தைத்ததைப் போட்டு நின்றேன். மின்விசிறி மூன்றில் சுற்றியது.
தாலி ஏறும் முன்பே மயங்கிவிடுவேன் போலிருந்தது.
"போதுமான்னு இங்க எப்படித் தெரியும்?"
அதானே.

ஞாயிற்றுக்கிழமை, தம்பி எழிலன் வேலை பார்க்கும்
செனோக்கோ உறைமீன் கிடங்குக்குப் போனேன்.
வருகைப் புத்தகத்தில் 'காரணம்' என்ற கட்டத்தில்
அவன் 'சோதனை' என்று எழுதினான்.
கழிப்பறையில் கூறை கட்டிக்கொண்டு
பிளாஸ்டிக் திரையை விலக்கி
மைனஸ் பதினெட்டுக்குள் காலெடுத்து வைத்தேன்,
பழக்கதோஷம், வலது கால்.

முதலில் மூக்கு.
பட்டு பொறுத்துக்கொண்டது. சரிகைதான்
இடுப்பைச் சுற்றிக் கம்பியாய் விழித்தது.
வளையல் மணிக்கட்டைக் கடித்தது.
பேச வாய் திறந்தால்
சொல்லுக்கு முன்னால் புகை போயிற்று.
இருபுறமும் கூரை வரை சால்மன் பெட்டிகள்,
நார்வே என்று அச்சிட்டவை.
நான் போக வேண்டிய வழியில்
எனக்கு முன்பே வந்துவிட்டவை.

ஃபோர்க்லிஃப்டை நிறுத்திவிட்டு ஒருவர் பார்த்தார்.
சேவுகன், பொன்னமராவதிக்காரர், என் வயதுதான்.
ஆறு வருடமாய் இந்தத் தீவில்
முன்பனிக்குள் வேலைக்குப் போய்
முதுவேனிலில் அறை திரும்புகிறவர்.
சிரிக்கவில்லை. என் காலைப் பார்த்தார்.

"மெட்டிய காலுறைக்கு மேல போடச் சொல்லுங்க.
வெறும் தோல்ல வெள்ளி சுடும்.
ரெண்டு காலுறை வேணாம், ஒண்ணு போதும், கொஞ்சம் லூசா.
விரல் அசைஞ்சாத்தான் சூடு.
வெளியில எவ்வளவு நேரம்?"

படம் எடுக்கப் பன்னிரண்டு நிமிடம் என்றேன்.

"நீங்க தாங்கிருவீங்க," என்று வண்டியைக் கிளப்பியவர்
திரும்பிக் கேட்டார்:
"மாப்பிள்ளைக்கு வேட்டிதானே?"

மூன்று மாதம், மூன்று பருவம், இரண்டு நிறம்,
நாற்பத்தேழு குரல்பதிவு.
அந்த வேட்டிக்குள் காற்று நுழையும் என்று
ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும்.

வெளியே சரக்கு மேடையில்
வெயில் ஈரத்துணியாய் முகத்தில் அறைந்தது.
சரிகையில் படிந்த பூம்பனி
வேர்வையா பனியா தெரியாமல் வழிய,
கட்டை விரலை உதறி உதறிச் சூடாக்கி
நிரோஜனுக்குத் தட்டினேன்:
உன் இடுப்பளவு என்ன?
கேட்காதே, சொல்.