மறு ஆய்வு

பாலக்கோடு, செவ்வாய்க்கிழமை.
பதினைந்து வயது முடிந்த வண்டிகள்
புளியமர நிழலை நம்பி வரிசையில் நிற்கின்றன.
பத்தரைக்கெல்லாம் நிழல் நகர்ந்துவிடும்.
வரிசை நகராது.

மிதி, அழுத்து, திருகு, குனி, எழுது.
காலையிலிருந்து எழுதியதில் பாதி ஒரே வரி:
பின் பிரேக் பிடிமானம் இல்லை.
டயர்களைப் பற்றி என்ன சொல்ல,
ஜோசியம் பார்க்க ஒரு ரேகைகூட மிச்சமில்லை.

ஒருவர் சேசிஸ் எண்ணைத் தேடிக்கொண்டிருக்கிறார்
மண்ணெண்ணெய், உப்புத்தாள், பென்சிலோடு.
தாளில் உரசி எடுத்ததில்
பதினேழில் பதினாறு விழுந்திருக்கிறது.
கடைசிக்கு முந்தியது மூன்றா எட்டா,
துரு சொல்ல மறுக்கிறது.
"மூணுன்னே போட்டுக்குங்க மேடம்,
எட்டு எனக்கு ஆகாது."

இன்னொருவர் வண்டியில்
தக்காளிப் பெட்டி கட்டும் கம்பிக்குள்
பிரேக் விளக்கு ஒளிந்திருந்தது.
எரிகிறதா என்றேன்.
"பொட்டி எறக்கினா தெரியும்."

பிறகு கெம்பண்ணன்.
பஞ்சப்பள்ளிக்கு மேலே, காட்டோரம்.
பிரேக் பிடித்தது. செயின் இறுக்கம்.
ஹாரன்கூட.
இன்று முதல் தேர்ச்சி இதுதான் என்று நினைத்தேன்.

ஷெட்டின் இருட்டுச் சுவரில்
இடுப்புயரத்துக்கு ஒரு கறுப்புக் கோடு.
வெளிச்சம் அதற்குக் கீழே விழ வேண்டும்.
அவருடையது
உத்தரத்தில் இருந்த பல்லியைக் காட்டியது.

எதிரே வருபவர் கண் என்னாவது?

"எதிர வர்றதுக்குக் கண்ணு
அங்கதாங்க மேடம் இருக்கும்."

எனக்குப் புரியக் கொஞ்சம் நேரம் ஆனது.

"வெள்ளன நாலு மணிக்கு சொசைட்டிக்குப் பால்.
ரோட்டப் பாக்குற லைட்டுல காலுதான் தெரியும்.
காலு மட்டும் தெரிஞ்சா மரம்னுதானே நெனப்போம்.
பக்கத்துல போனப்புறம்
மரம் காத ஆட்டும்."

சிரிக்கவில்லை அவர்.
நானும்.

படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.
புகைக்குக் கட்டம் இருக்கிறது, கண்ணாடிக்கு இருக்கிறது,
யானைக்கு இல்லை.
அந்தக் கறுப்புக் கோட்டை வரைந்தது நானல்ல.
ஆனால் காரிமங்கலம் வளைவில்
எதிர் வெளிச்சத்தில் கண் கூசி
லாரிக்குள் போன பையனின் வண்டியை
டேப் பிடித்து அளந்தது நான்தான்.
அவன் வண்டியில் எல்லாமே சரியாக இருந்தது.

முகப்பு விளக்கு: ஒளி உயரம் அதிகம்.
தகுதி இல்லை.

கெம்பண்ணன் அதை இரண்டு முறை படித்தார்.
மடித்துப் பால் அட்டைக்குள் வைத்தார்.
வாதாடியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

*

அடுத்த செவ்வாய்.
வெளிச்சம் கோட்டுக்கு நான்கு விரல் கீழே,
ஒழுங்காக, ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையைப் போல.
பல்லி எங்கோ இருட்டில்.
கையெழுத்துப் போட்டேன்.

"அஞ்சு வருசத்துக்குங்களா?"
ஐந்து வருடத்துக்கு.
"அதுவரைக்கும் நானு இருக்கணுமே,"
என்று வண்டியிடம் சொன்னாரா என்னிடமா.

கேட்டைத் தாண்டிப் புளியமரத்தடியில் நிறுத்தினார்.
சட்டைப் பையிலிருந்து ஸ்க்ரூடிரைவர்.
யாரிடமும் இரவல் வாங்கவில்லை.
அரைச் சுற்று.
விளக்கின் மேல் உள்ளங்கையைச் சாய்த்து வைத்து
கை காட்டும் திசையில்
மரத்தை அண்ணாந்து பார்த்தார்.
இன்னொரு கால் சுற்று.

கூப்பிடலாம்.
குரல் எட்டும் தூரம்தான்.
பேனா மூடி என் பல்லிடுக்கில் இருந்தது.

வரிசையில் அடுத்தவரைப் பார்த்து
ஹாரன், என்றேன்.
அழுத்தினார்.
புளியமரத்துக் காக்கைகள் மொத்தமும் எழுந்தன.
கெம்பண்ணன் ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டு
கியர் போட்டார்.