மோட்டார் சீட்டு வரைக்கும்

செந்தூலில் ஒரு பழைய கடைவீட்டின் மேல்மாடி.
கீழே டயர் கடை. காற்றடிக்கும் சத்தம்
எங்கள் ஒலிப்பதிவுகள் எல்லாவற்றிலும் இருக்கிறது.
ஒரு மேசை, இரண்டு நாற்காலி,
கைப்பேசிக்கு மேலே கழுத்து வளைத்து நிற்கும் கேமரா.
வந்து உட்கார்பவருக்கு முப்பது ரிங்கிட், ஒரு மைலோ.

விதி ஒன்றுதான்:
உதவக் கூடாது.
அவர்கள் தடுமாறும்போது வாயைக் கட்டிக்கொண்டு
தடுமாறிய இடத்தை மட்டும்
நான் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஜமாலுதீன், நாணய மாற்றுக் கடை.
தலைப்புச் செய்தியைத் தாண்டி
மூன்று வாரம் நான் இழைத்த காலக்கோட்டைத் தாண்டி
அடி வரைக்கும் இறங்கிப் போய்
"எங்கே, சாவு அறிவிப்பு?" என்றார்.

இருதயராஜ் கிராப் ஓட்டுகிறார்.
சிவப்பு விளக்கு எரியும் நேரம்தான் அவருக்குச் செய்தி நேரம்.
"தொண்ணூறு வினாடி தங்கச்சி.
அதுக்குள்ள திரையில எதுவும் ஆடக் கூடாது."

தர்ஷினி ஒரு வரியும் படிக்கவில்லை.
ஆடுவதையெல்லாம் இன்னொரு முறை ஆட்டிப் பார்த்துவிட்டு
"அழகா இருக்கு கா" என்றாள்.
அழகா இருக்கு என்றால்
மறுபடி திறக்க மாட்டேன் என்று பொருள்.
இதைக் கற்க எனக்கு நான்கு வருடம் ஆனது.

பிறகு மங்களேஸ்வரி.
ஆஸ்பத்திரியில் துப்புரவு; இரவு வேலை முடித்து அப்படியே வந்தார்,
மூக்குக்கண்ணாடி இல்லாமல்.
வெள்ள வரைபடத்தைத் திறந்து கொடுத்தேன்.
என் பெருமையே அதுதான்:
ஏழு வகை நீலம்,
விரல் பட்டால் நீர்மட்டம் எண்ணாக எழும்பி வரும்.

"உங்க வீட்டுப் பக்கம் எப்படி இருக்குன்னு பாருங்கம்மா."

நான்கு நிமிடம் பதினொரு வினாடி.
விரித்தார், சுருக்கினார்,
கோம்பாக் ஆற்றைத் தொலைத்தார்,
ரயில் தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டே நடந்து
தன் பிளாட்டுக்கு வந்து சேர்ந்தார்.
குளோரின் வாசம் போகாத விரல்
என் நீலத்தின் மேல் நின்றது.
1.2 மீ.

"இது என்னம்மா?"
விதிப்படி நான் திருப்பிக் கேட்டேன்:
"நீங்க என்ன நினைக்கிறீங்க?"
அப்போது அவர் பார்த்த பார்வை பதிவில் இல்லை.
அந்தக் கேமராவுக்கு விரல் மட்டும்தான் தெரியும்.

"மீட்டர் கணக்கு எனக்கு எதுக்கு?
போன வருஷம் மோட்டார் சீட்டு வரைக்கும் வந்துச்சு.
சீட்டுக்குக் கீழன்னா மகன் உருட்டிட்டுப் போயிடுவான்.
தாண்டிடுச்சுன்னா
மோட்டார விட்டுட்டு மேல் வீட்டுக்கு ஏறணும்.
அதச் சொல்லுமா உன் போனு?"

கூட்டத்தில் கதிரேசன் சார் சிரித்தார்:
"நாம நடத்துறது செய்தித் தளமா, பட்டறையா?"
நான் அந்தக் காணொளியை ஓடவிட்டேன்.
நான்கு நிமிடம் பதினொரு வினாடியும்,
வேகம் கூட்டாமல்.
பாதியில் யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள்.
முடிந்தபோது மைலோ ஆறியிருந்தது.

ஏழு நீலம் மூன்றானது.
மீட்டர் போனது.
கணுக்கால், முழங்கால், மோட்டார் சீட்டு.
ஜன்னல் என்று ஒன்றை நான் சேர்த்தேன்,
அதை யாரும் கேட்கவில்லை.
சாவு அறிவிப்பு மேலே ஏறியது.
காலக்கோட்டை நானே அழித்தேன்,
கொஞ்சம் வலித்தது.

நவம்பர். இரவு இரண்டரை.
கூரைத் தகரத்தில் பேச்சுக் கேட்காத மழை.
வரைபடத்தில் ஒரே இடத்தை, தண்டவாளத்தை ஒட்டி,
ஒரே விரல் பத்தொன்பது முறை தொட்டிருக்கிறது.
யாரென்று எனக்குத் தெரியாது,
தெரியவும் கூடாது.
முழங்கால்.
முழங்கால்.
மோட்டார் சீட்டு.
மூன்று நாற்பதுக்குப் பிறகு தொடுகையே இல்லை.

மேலே ஏறிவிட்டார் என்று படிக்கிறேன்.
இந்தத் தரவை
வேறு மாதிரியும் படிக்கலாம்.

ஒப்புதல் படிவத்தில் அவருடைய எண் இருக்கிறது.
ஆய்வு முடிந்ததும் அழிக்க வேண்டும்.
அழிக்கவில்லை.
அழைக்கிறேன்.

மணி போய்க்கொண்டிருக்கிறது.
கீழே கடையில் யாரோ
டயர்களை ஒவ்வொன்றாக
மேல் தட்டுக்கு ஏற்றுகிறார்கள்.