இலையின் அடிப்பக்கம்

வெயில் ஏறுமுன் எண்ணிவிட வேண்டும்.
சூடு பட்டால் தத்துப்பூச்சி
பக்கவாட்டில் நழுவிவிடும்,
நண்டின் நடை அதற்கு.

ஜெஸீராவில், வாய்க்கால் ஓரம்
நாற்பத்தொரு வரிசைப் பருத்தி.
செடிக்கு ஐந்து இலை, இலைக்கு ஒரு மூச்சு.
காம்பைக் கிள்ளாமல், நிழல் விழாமல்
திருப்பிப் பார்ப்பது என் உத்தியோகம்.
இஜ்லால், பூச்சி எண்ணுகிறவள்.
சம்பளச் சீட்டில் அப்படித்தான் இருக்கிறது.

பதினான்காம் வரிசையின் இலையை
முதன்முதல் தொட்டபோது சிரித்துவிட்டேன்.
மீசை அரும்பும் பையனின் மேலுதடு.
அந்த மயிர்க்காட்டைத் தாண்டித்
தத்துப்பூச்சியின் ஊசி நரம்பை எட்டவில்லை.
முட்டை செருக இடம் வாய்க்கவில்லை.
சுழி, சுழி, சுழி, ஒன்று, சுழி
என்று எழுதிக்கொண்டே போனேன்.
பக்கத்து வரிசை விளிம்பு சிவந்து சுருண்டு கிடக்க
இது பச்சையாய் விரைத்து நின்றது.

குத்தகைக்காரர் திராப் கரைமேல் நின்று கேட்டார்:
"எந்த விதை, மகளே? நம்பரைச் சொல்."
பொறுங்கள் என்றேன்.
பூச்சி எண்ணுகிறவளுக்கு
அவசரப்பட அதிகாரம் இல்லை.

நவம்பரில் வந்தது வெள்ளை ஈ.
அதே மயிர், அதே நிழல், அதே கதகதப்பு.
குடித்தனம் வைத்துவிட்டது.
இலையைத் திருப்பினால்
சலித்த மாவுபோல் எழுந்து
என் இமையில் உட்கார்ந்தது.
அறுபது. எழுபத்திரண்டு.
பிறகு எண்ணவில்லை,
"மிக" என்று எழுதினேன்.
வெடித்த பஞ்சில் தேன்பிசுக்கு.
ஆலைக்காரன் மூட்டையோடு திருப்பி அனுப்புவான்.

முப்பதாம் வரிசை மொட்டை இலை.
அதில் வெள்ளை ஈ குறைவுதான்.
தத்துப்பூச்சி அதை எப்போதோ உறிஞ்சி முடித்திருந்தது.

முப்பத்தேழில் ஒன்பதாம் செடி மட்டும்
இரண்டுக்கும் பிடிகொடுக்கவில்லை.
மயிர் நீளம், அடர்த்தி இல்லை,
கலப்பில் எங்கோ பிசகி வந்தது.
சிவப்பு நூல் கட்டினேன்.
யாரிடமும் சொல்லவில்லை, திராபிடம்கூட.

திங்கட்கிழமை போனால்
தண்டு இருந்தது. நூல் இல்லை.
நூலையும் தின்றிருக்கிறது ஆடு.

திராப் தலையில் கைவைத்தார். அவருடைய ஆடு.

பதிவேட்டில் தத்துப்பூச்சிக்குப் பத்தி உண்டு,
வெள்ளை ஈக்கு உண்டு, காய்ப்புழுவுக்கு உண்டு.
ஆட்டுக்கு இல்லை.
ஓரத்தில் பொடி எழுத்தில் எழுதிவைத்தேன்.

மண்ணைக் கிளறியதில் ஒரு காய்,
பாதி மென்று துப்பியது.
உள்ளே ஆறு விதை.
நான்கு சொத்தை.
மற்ற இரண்டும் என் முக்காட்டு முனையில்
முடிந்திருக்கிறேன்.
கரைமேல் திராப் இன்னும்
நம்பர் கேட்டுக்கொண்டிருக்கிறார்.