இடது சிலிண்டர்

நிலாவெளிக்குப் போகையில் கடல் வலப்பக்கம்.
வலது சிலிண்டர் காற்றுக் குடித்து ஓடும்.
இடதுக்கு மதில்களின் அனல்,
ஹோட்டல் ஜெனரேட்டர்களின் மூச்சு.
திரும்பி வருகையில் மாறும்.
பங்கு சரி என்பான் தவயோகன்.

பாதி பாதி போட்டு ஏலத்தில் எடுத்தது.
எழுபத்தொன்பதாம் வருடத்து பி.எம்.டபிள்யூ,
இரண்டு சிலிண்டரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்தபடி,
கோபத்தில் முதுகு காட்டிப் படுத்தவர்கள்போல.
இடது அவனது, வலது எனது.
கையெழுத்தெல்லாம் இல்லை.
டாங்கித் தூசியில்
விரலால் ஒரு கோடு கிழித்தோம்.
அன்றைக்கே மழை.

அவன் ஒஸ்லோ போய் ஆறு வருடம்.
பனி வழிக்கும் லொறி ஓட்டுகிறான்.
சாமான் வரும்:
காபரேட்டர் டயபிரம் இரண்டு,
புஷ்ரொட் ரப்பர் நாலு,
சொக்லேட் பெட்டிக்குள் ஒரு கேஸ்கட்.
கடிதம் இராது.
சுற்றி வந்த நோர்வேப் பேப்பரை நீவி விரித்து
விளங்காத எழுத்தில்
மேகப் படம் மட்டும் பார்ப்பேன்.

இங்கே உப்பு.
ஐஸ் ஃபக்டரியில் இரவு வேலை முடிந்து வர
அலுமினியத்தில் வெள்ளைப் பொருக்கு பூத்திருக்கும்.
பல் தீட்டும் பிரஷ், மண்ணெண்ணெய், கிழிந்த சாரம்.
வருடத்துக்கொருக்கால் பின்சில்லு கழற்றி
ஸ்ப்லைனுக்குக் கிரீஸ்.
ஒருமுறை மறந்தேன்.
கந்தளாய் தாண்டி, மாலை ஆறரைக்கு,
எஞ்சின் அலறியது, சில்லு அசையவில்லை.
நடுவில் இருந்த பல்லெல்லாம்
சத்தமில்லாமல் தேய்ந்துபோயிருந்தன.
யானை வரும் நேரம்.
மரக்கறி லொறிக்காரன் ஏற்றினான்,
பூசணிக்காய்களுக்கு மேலே.

சைட் ஸ்டாண்டில் சாய்த்துவிட்டால்
இரவில் எண்ணெய் இடப்பக்கம் இறங்கும்.
காலையில் ஸ்டார்ட் பண்ண
இடது குழாய் மட்டும் நீலமாய்ப் புகைக்கும்.
‘உன்ர பக்கம் சிகரெட் பிடிக்குது’
என்று படம் அனுப்புவேன்.
‘நடு ஸ்டாண்ட் என்னத்துக்கு இருக்கு, விசரா’
என்று வரும்.

போன மாதம் வந்தது வேறு:
‘என்ர பாதியை வித்திட்டுக் காசை அனுப்பு.
வீட்டுக்கடன் இறுக்குது.’

கிண்ணியாவில் ஹில்மியிடம் சொன்னேன்.
லேத்தில் புஷ் கடைந்துகொண்டிருந்தான்,
பித்தளை சுருள் சுருளாய் விழுந்தது.
‘இடப்பக்கம் மட்டும் வாங்க வாறவன்
வலக்கால வீட்ட வச்சிட்டா வருவான்?’
சிரித்துவிட்டுப் பிறகு அவனே
லேத்தை நிறுத்தினான்.

ஒன்றாய் விலகி ஒன்றாய் நெருங்கும் பிஸ்டன்கள்.
இவன் உதைப்பதை அவன் உதைப்பு அழிக்கும்.
அதனால்தான் ஓடுகிற எஞ்சினின் மேல்
பிளேன்ரீக் கோப்பையை வைத்துவிட்டு
ஸ்க்ரூ தேடப் போகலாம்.
ஒன்றின் பிளக் வயரை இழுத்துப் பாருங்கள்,
மற்றது உதறி உதறி
கோப்பையை விழுத்திவிடும்.

விற்கவில்லை.
ஃபக்டரியில் அட்வான்ஸ் எடுத்தேன்.
செல்வமலர் சீட்டைக் கழித்துத் தந்தாள்.
‘முழுக்க உங்கடதெண்டா
பின் சீட்டும் சேர்த்துத்தானே?’ என்றாள்.
ஆறு வருடமாய் அதில்
கருவிப் பெட்டி கட்டியிருந்தேன்.

காசு போய் மூன்றாம் நாள்
உப்புவெளிச் சந்தி வரை ஓட்டி வந்து
கேற்றடியில் எஞ்சினை நிறுத்த முன்
போன்.
‘கிடைச்சிட்டு.’
‘ம்.’
‘இனி எல்லாம் உன்ர.’
‘ம்.’
அங்கே இரும்பு அலகு றோட்டை உரசும் சத்தம்.
‘அதென்ன, டப்பட்டே சத்தம் போடுது?’

போனைக் குனிந்து
இடது கவருக்குக் கிட்டப் பிடித்தேன்.
டிக் டிக் டிக் டிக்.
அலகு உரசுவது நின்றது.
லொறியை ஓரங்கட்டியிருப்பான்.
‘எக்ஸோஸ்ட் வால்வு. சூட்டோட பாக்காத.
விடியக் குளிர்ல கேஜ் போட்டுப் பார்.’

எஞ்சினை நிறுத்தினேன்.
நடு ஸ்டாண்ட் இருந்தது, போன கிழமைதான்
ஹில்மி புது ஸ்பிரிங் போட்டது.
சைட் ஸ்டாண்டில்
நன்றாய் இடப்பக்கம் சாய்த்துவிட்டு
உள்ளே போனேன்.